உதவி பொத்தானை அழுத்தினால் பேசும் ஹவில்தார்

ஹவில்தார் சின்னச்சாமி அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார்.

வாக்கிங் போய்விட்டு வந்து, ஷூ லேஸ் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வரும் ஞாயிறு குன்னத்தூரில் எங்கள் மொபைல் ஆப்பைத் தொடங்கி வைப்பதாக இருந்தோம். முன்னாள் படைவீரர்களும், பட்டாளத்தில் பிள்ளையையோ கணவரையோ இழந்த குடும்பங்களும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதற்கான ஆப். அதில் 'உதவி' பொத்தானை அழுத்தினால் அடிப்பது அண்ணனுடைய போன்.

காலையிலிருந்து எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். ஞாயிறு நடக்குமா, நடக்காதா?

சொல்கிறேன். அதற்கு முன் அவரைப் பற்றிக் கொஞ்சம்...

பட்டாளத்திலிருந்து வந்த பிறகு எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்யூரிட்டி அதிகாரியாக இருந்தார். ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், உங்ககிட்ட படிச்ச திவ்யா ஆப் எல்லாம் செய்யுதாமுங்களே... எங்களுக்கு ஒண்ணு வேணுமுங்க."

வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே என்றேன்.

"அதுல தெனமும் குட்மார்னிங் ரோசாப்பூ நாப்பது வருதுங்க. அதுக்கு நடுவுல ஒரு தாயி, செத்துப்போன எம்பையனோட சாமான் பெட்டிய எப்ப அனுப்புவாங்கன்னு கேட்டுருக்குது. மூணு நாளா ஒருத்தரும் பாக்கலீங்க."

அன்றே திவ்யாவைக் கூப்பிட்டேன். அவள் கோடிங் செய்தாள். திரையில் வரும் தமிழ் முழுக்க நான் எழுதினேன்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் பள்ளி அட்மிஷன் படிவங்களை நிரப்ப வைத்தவள் நான். ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்பது ஊறிப்போன பழக்கம். ஆப்பிலும் அப்படியே செய்தேன். எல்லாக் கேள்விக்கும் சிவப்பு நட்சத்திரம். பதில் போடாமல் அடுத்த பக்கம் போகாது.

முதலில் அதைப் பயன்படுத்திப் பார்த்தவள் செல்வி. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கணவர் பட்டாளத்தில் பணியில் இருந்தபோது இறந்தவர். அண்ணனின் கம்பெனியில்தான் செக்கிங் செக்ஷனில் வேலை பார்க்கிறாள்.

'ஓய்வு பெற்ற தேதி' என்று கேட்டிருக்கிறது. காலியாக விட்டால் நகரவில்லை. வேறு வழியில்லாமல் கணவர் இறந்த தேதியைப் போட்டிருக்கிறாள்.

உடனே பூங்கொத்துப் படத்தோடு வந்தது... 'இனிய ஓய்வுக்கால வாழ்த்துகள்!'

அந்த வரியும் நான் எழுதியதுதான்.

"அவுக ரிட்டயரே ஆகலையே டீச்சர்" என்றாள். அழக்கூட இல்லை.

இனி இந்த வேலையைத் தொட மாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "ஏனுங் டீச்சர், பட்டாளத்துல வழி தப்பிப் போனா நேரா ஊட்டுக்கா வந்துருவோமுங்க? அங்கியே நின்னு மேப்பத் திருப்பிப் பாப்போமுங்க" என்றார்.

வழியைக் காட்டியதும் செல்விதான். "எங்க செக்ஷன்ல துணியில ஓட்ட இருந்தா அம்புக்குறி போட்ட ஆரோ ஸ்டிக்கர் ஒட்டுவோம் சார். இதுலயும் ஒட்டட்டுமா?"

மறுநாளே ஒவ்வொரு திரையையும் பேப்பரில் பிரிண்ட் எடுத்தார் அண்ணன். சிவப்பு ஆரோ ஸ்டிக்கர் ஒரு கட்டு. இரண்டையும் தூக்கிக்கொண்டு டிவிஎஸ் ஃபிஃப்டியில் வீடு வீடாகப் போனார். "எங்க வலிக்குதோ அங்க ஒட்டுங்க. ஏன்னு நான் கேக்க மாட்டேனுங்க."

சேவூரில் ஒரு அம்மா இறந்துபோன தன் மகன் பெயருக்கு எதிரே ஒட்டியிருந்தார். அங்கே ஆப் தானாகவே 'செயலில் இல்லை' என்று காட்டியிருந்தது... "அவம்பேரு மட்டும் இருக்கட்டுமுங்க. போதும்" என்றாராம்.

இப்போது எங்கள் ஆப்பில் கட்டாயமாக நிரப்ப வேண்டியது பெயர் மட்டும்தான். மற்றதெல்லாம் அவரவர் விருப்பம்.

உதவி பொத்தானுக்கு ரெக்கார்டு செய்த குரல் வைக்கலாம் என்று திவ்யா சொன்னபோது மட்டும் அண்ணனுக்குக் கோபம் வந்தது. "ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னா எம்பட ஊட்டுக்காரியே கட் பண்ணீருவாளுங்க. மனுசந்தான் எடுக்கோணும்."

ஒரே ஆள் எப்படிச் சமாளிப்பது, காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் என்ன செய்வது என்றேன்.

"எனக்கா? காச்சலா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்க வேண்டும்...

இன்று பத்து மணிக்கு அவர் வீட்டில் இருந்தேன். அண்ணனின் மனைவி ருக்மணி அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அலமாரி மேல் இருந்த அண்ணனின் போன் அடித்தது. திரையில் 'உதவி' என்று வந்தது. சோதனைக்காக ஆப்பை ஏற்றிக்கொண்ட குடும்பங்களில் யாரோ... விஷயம் தெரியாமல் அழுத்தியிருக்கிறார்கள்.

எனக்குக் கை வரவில்லை. செல்வி எழுந்து போய் எடுத்தாள்.

"சொல்லுங்கம்மா... சார் இல்லம்மா. காலையில தவறிட்டாக. ...இல்லம்மா, வைக்காதீங்க. நீங்க சொல்லுங்க, நான் கேக்கேன்."

வாசலில் நின்று வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். இடையிடையே "ஆமாம்மா" என்றாள். ஒருமுறை "எனக்கும் அப்படித்தாம்மா" என்றாள்.

அவள் உள்ளே வந்ததும் ருக்மணி அக்கா என்னைக் கூப்பிட்டார். "நிறுத்தீறாதீங்க டீச்சர். அந்த போன் இங்க அடிச்சு அடிச்சு ஓயறத நான் கேக்க முடியாதுங்க. எடுக்கறவங்க எடுத்துட்டுப் போங்க."

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். ஞாயிறு நடக்கும். முன்பு சொன்ன அதே இடம், அதே காலை பத்து மணி. மாலை போடுவது, மேளம், பேச்சு எதுவும் வேண்டாம். உங்கள் போனை மட்டும் சார்ஜ் செய்துகொண்டு வாருங்கள்.

பகலில் போனை நான் எடுப்பேன். ஷிப்ட் விட்டதும், ஆறு மணியிலிருந்து செல்வி. எங்களுக்குக் காய்ச்சல் வரும், கல்யாணம் காட்சி வரும்... அதற்கு இன்னும் நான்கு பேர் வேண்டும். பேசத் தெரிய வேண்டாம், கேட்கத் தெரிந்தால் போதும். வருகிறவர்கள் கமெண்டில் பெயர் போடுங்கள்.

இன்று நாலு மணிக்கு அண்ணனின் உடலை எடுக்கிறார்கள். ஆறு மணிக்குள் செல்வி போன் எடுக்கத் திரும்பிவிட வேண்டும்.

போய் வாருங்கள் அண்ணா.