கடல் மண்ணும் ஐப்பசி மழையும்

என் வேலை என்னவென்று எங்கள் ஊரில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மீன் ஆராய்ச்சி என்பார்கள். முத்து எடுக்கிற வேலை என்பார்கள். ஒருமுறை கம்பத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்த பெண், கடலில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பதுதானே என்று கேட்டார். இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன், அதற்குள் காமயகவுண்டன்பட்டி வந்துவிட்டது. சுற்றிலும் மலை நிற்கிற பள்ளத்தாக்கில் பிறந்தவள் கடலடி மண்ணைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறாள் என்பதைச் சில நாட்கள் எனக்கே நம்பக் கஷ்டமாக இருக்கும்.

வேலை இதுதான். கப்பலில் போய், நீளமான குழாயைக் கடலடியில் இறக்கி மண் எடுத்து வருவார்கள். அடியில் இருப்பது பழைய மண், மேலே இருப்பது புதிது. அதைத் துண்டு போட்டு, சல்லடையில் வைத்து அலசினால் சேறு போய், ரவையைவிடச் சிறிய ஓடுகள் மிஞ்சும். ஃபோராம் என்று பெயர். கடலின் மேல்தண்ணீரில் மிதந்து, ஒரு மாதம் போல வாழ்ந்து, செத்து அடியில் விழும் உயிரிகள் கட்டிய ஓடு அது. மழை நன்றாகப் பெய்து ஆறுகள் கடலில் இறங்கினால் மேல்தண்ணீரில் உப்பு குறையும். அந்தக் குறைவு ஓட்டில் பதிந்துவிடும். நான் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, நனைத்த தூரிகையின் நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறேன். கழுத்து வலி இலவசம்.

ஊரில் தோட்டத்தைப் பார்ப்பது என் தம்பி. பன்னீர் திராட்சை, கல்தூண் பந்தல். கவாத்து என்று கொடியை வெட்டிவிட்டால் நாலு மாதத்தில் பழம் வந்துவிடும். ஆனால் பழுக்கிற நேரத்தில் மழை விழுந்தால் அத்தனையும் வெடித்துவிடும். அதனால் எங்கள் பக்கத்தில் தோட்டம் முழுவதையும் சேர்த்து வெட்டுவதில்லை. ஒரு பகுதியை வெட்டி, சில வாரம் விட்டு அடுத்த பகுதியை வெட்டுவார்கள். மழை எப்போது வந்தாலும் ஒரு பகுதிதான் மாட்டும். இது யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை, எல்லோரும் செய்வது.

போன வருஷம் வைகாசியில் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது, மேஜையில் பிளந்து வைத்திருந்த மண்ணைத் தம்பிக்குக் காட்டினேன். நடுவில் ஒரு வெளிறின பட்டை தெரிந்தது.

"அது என்னக்கா?"

"மழை ரொம்பக் கொறஞ்ச காலம்டா. ஐப்பசி மழையே ஏமாத்தியிருக்கும்."

"அப்படி ஒரு காலம் திரும்ப வருமா?"

"வந்தது திரும்பவும் வரத்தான செய்யும்."

அவ்வளவுதான் பேச்சு. இதில் ஒரு வார்த்தை தப்பில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஆனால் எனக்குக் 'காலம்' என்றால் பல தலைமுறை. அவனுக்கு அடுத்த அறுவடை.

மறுநாளே டீக்கடையில், "எங்க அக்கா கடல் மண்ணைப் பாத்துச் சொல்லிட்டாக, இனிமே ஐப்பசியில மழை கெடையாது" என்று அறிவித்திருக்கிறான். ஐப்பசியில் சந்தையில் பழமே இருக்காது. மழைக்குப் பயந்து பலர் அந்த மாதத்தில் பழம் வருகிற மாதிரி வெட்டமாட்டார்கள். பழம் வைத்திருப்பவனுக்கு நல்ல விலை. எனவே என் தம்பி ஆனியில் ஆட்களைக் கூப்பிட்டு, தோட்டம் முழுவதையும் ஒரே மூச்சில் வெட்டிவிட்டான். எனக்கு இது எதுவும் தெரியாது. நான் மண்ணை அலசிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் மழை வந்தது. சும்மா வரவில்லை, நின்று பெய்தது. நான் ஊருக்குப் போய் இறங்கியபோது பந்தல் முழுக்க வெடித்த பழம் தொங்கியது. புளித்த வாடை தெருவரைக்கும் அடித்தது, குளவிக்குத்தான் கொண்டாட்டம். வியாபாரி தோட்ட வாசலோடு திரும்பிவிட்டாராம். மழையில் பந்தலுக்கடியில் போய் நின்ற தம்பி அடுத்த நாளும் நின்றான் என்று அம்மா சொன்னார்.

தம்பி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி முடித்திருப்பேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான்.

"பந்தலைப் பிரிச்சிறலாம்னு இருக்கேங்க்கா. கொடிய வேரோட பிடுங்கிட்டுத் தென்னையப் போட்டுர்றேன். இல்லைன்னா நீயே ஒரு தேதி சொல்லு. இந்தத் தடவ சரியாச் சொல்லு, அன்னைக்கு வெட்டுறேன்."

இவ்வளவு நடந்த பிறகும் என்னிடமே தேதி கேட்கிறான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"ஏலே, நான் என்ன குறி சொல்றவளா? அந்தப் பட்டை ஒரு விரக்கடைகூட இல்ல. நம்ம தாத்தாவுக்குத் தாத்தா காலமெல்லாம் அதுக்குள்ள அடங்கிப் போகும். அதுல போயி தேதியத் தேடச் சொல்ற."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினார். "அப்ப ஒவ்வொரு வருசமும் தனித்தனியாத் தெரியாதா ஆத்தா?"

"தெரியாதும்மா. கடலடியிலயும் புழு இருக்கு. நம்ம தோட்டத்து மண்புழு மாதிரி அதுவும் மண்ண மேல கீழ கிண்டி விட்டுரும். நல்ல வருசம், கெட்ட வருசம் எல்லாம் ஒண்ணாக் கலந்துரும்."

"அப்ப நம்ம பழம் வெடிச்ச இந்த ஐப்பசி, அதுல ஒண்ணும் தெரியப் போறதில்ல" என்றான் தம்பி.

"தெரியாதுடா."

அவன் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டான். எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் அந்தப் புழுக்களைப் பற்றிக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஒரு குடும்பத்தின் மோசமான வருஷத்தை அவை தின்றுவிடும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அம்மா கீரையை அடுப்பில் ஏற்றினார்.

சாயந்திரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். தம்பி ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கத்தியது போதும் என்று நானும் உட்கார்ந்து ஒரு படத்தைத் திறந்தேன். வெளிறின பட்டையிலிருந்து ஓடுகளை எடுத்து, மொத்தமாகச் சேர்க்காமல் ஒவ்வொன்றிலும் பதிந்த உப்பு அளவைத் தனியாக அளந்து போட்ட வரைபடம். ஒரு ஓட்டுக்கு ஒரு புள்ளி.

"ஒரு ஓடு ஒரு மாசத்துக் கடலத்தான் பாத்திருக்கும்" என்றேன். "புழு மண்ணக் கிண்டும், ஆனா ஓட்டுக்குள்ள இருக்கறத மாத்த முடியாது. மேல இருக்க புள்ளியெல்லாம் உப்பு கூடின மாசம், மழை கம்மி. கீழ இருக்கறது உப்பு கொறஞ்ச மாசம்."

அவன் குனிந்து பார்த்தான். மேலே நிறையப் புள்ளி. கீழேயும் சிதறிக் கிடந்தது.

"மழை கொறஞ்ச காலம்னு சொன்ன."

"கொறஞ்ச காலந்தான். அதுலயும் கொட்டித் தீர்த்த மாசம் இருந்திருக்கு."

"எந்த மாசம்னு தெரியுமா?"

"தெரியாது."

"வர்ற ஐப்பசி?"

"தெரியாதுடா. எனக்குத் தெரியாது."

அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டில் அதிகம் படித்தவள் என்று பெயர். ஆனால் அவன் முகத்தில் ஏமாற்றம் இல்லை. கீழே கிடந்த புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். திரை முழுக்கத் திராட்சைப் பிசுக்கு.

"அப்ப பூராத்தையும் ஒண்ணா வெட்டினவன் எந்தக் காலத்துல இருந்திருந்தாலும் மாட்டியிருப்பான்" என்றான். பிறகு எழுந்து, வெடித்த குலைகளை வெட்டிக் கீழே போட ஆரம்பித்தான். நானும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டேன். தென்னையைப் பற்றி அவன் அப்புறம் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் கிளம்பினேன். பஸ் ஏற்றிவிடத் தம்பி கூட வந்தான். டீக்கடையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர், எங்களுக்கு மாமா முறை, கிளாஸும் கையுமாக நின்றிருந்தார். அவர் தோட்டத்தில் ஒரு பகுதிதான் மாட்டியிருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவனிடம் கேட்டார்.

"என்னப்பா, அடுத்த கவாத்துக்கு அக்கா என்ன சொல்றாக?"

கிண்டல்தான். நான் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

"தெரியாதுன்னு சொல்லிட்டாக மாமா" என்றான் தம்பி. "மண்ணு பூராத்தையும் நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்றாக. அதான் நாலாப் பிரிச்சு வெட்டப் போறேன்."

என் வேலை என்னவென்று எங்கள் ஊரில் ஒருவர் சரியாகச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.