நேர் இணைப்புப் போட்ட ரோஸ்லின் மேடம்

ரோஸ்லின் மேடம் காலமானார் என்ற செய்தி வந்தபோது நான் குற்றாலத்தில், மாடசாமி அண்ணாச்சியின் லாட்ஜில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். வெளியே சாரல். போனில் பேசியது மேடத்தின் கணவர் சாமுவேல். "சார், ரோஸ்லின் போயிட்டா. காலையில நெஞ்சு அடைக்குன்னா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் இருந்தா" என்றார். கையில் இருந்த பஜ்ஜியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

தென்காசியில் நான் நடத்தும் சிறிய கணினி நிறுவனத்தில் நெட்வொர்க் வேலை முழுவதையும் பார்த்தவர் அவர். சென்னையில் வேலை பார்த்துவிட்டு, கணவருக்கு இங்கே மாற்றல் கிடைத்ததும் வந்தார். நேர்காணலில் நான் வாயைத் திறக்கும் முன் அவரே கேட்டார்: "கரண்டு போச்சுன்னா யார ஏசுவிய சார்?" சரியான வாய்த்துடுக்கு என்று நினைத்தேன். ஆனாலும் எடுத்துக்கொண்டேன், வேறு யாரும் விண்ணப்பித்திருக்கவில்லை.

எங்கள் பிழைப்பே மாடசாமி அண்ணாச்சியை நம்பித்தான். பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி, குற்றாலத்தில் லாட்ஜ், புளியறையில் லாரி ஆபீஸ் என்று அவருக்கு மூன்று தொழில். மூன்றும் கிளவுடில் இருந்தன. அதாவது, எங்கோ இருக்கும் பெரிய நிறுவனத்தின் கணினிகளை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு தொழிலுக்கும் வெளியார் நுழைய முடியாத தனி நெட்வொர்க் அமைத்துக் கொடுத்திருந்தோம். ஒருநாள் அண்ணாச்சி, "மூணையும் சேத்து வைங்க தம்பி. லாரி எங்கன நிக்குன்னு நான் லாட்ஜுல இருந்தே பாக்கணும்" என்றார்.

நான் தடபுடலாக நடுவில் ஒரு பெரிய இணைப்பு மையத்தை வைத்தேன். அதில் சேரும் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் மணிக்கணக்கில் வாடகை. யாரும் பயன்படுத்தாவிட்டாலும் அது ஓடும். அதன் வழியே போகும் தரவுக்குத் தனிக் கட்டணம். பில்லைப் பார்த்த அண்ணாச்சி கொதித்துவிட்டார். "பில்லா இது, மவளுக்குச் செய்யுற சீரா? இன்னொரு மாசம் இப்படி வந்துச்சுன்னா வேற ஆள பாத்துக்கிடுதேன்!" அவர் போனால் நாங்கள் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

ரோஸ்லின் மேடம் சிரித்தார். "மூணு பேரு பேசிக்கிட யாராவது கல்யாண மண்டபம் பிடிப்பாவளா சார்? முப்பது பேருன்னா சரி. மூணு பேரு வாசல்ல நின்னு பேசிட்டுப் போவட்டுமே." இரண்டிரண்டாக நேரடியாக இணைத்தால் இணைப்புக்கு வாடகை கிடையாது, போகிற தரவுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று விளக்கினார். அப்படியானால் இரண்டு இணைப்பே போதுமே, மண்டி வழியாக லாட்ஜ் லாரி ஆபீஸைப் பிடித்துக்கொள்ளாதா என்று என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். "இதுல சம்பந்திக்குச் சம்பந்திங்கிற உறவெல்லாம் செல்லாது சார். லாட்ஜுக்கும் லாரிக்கும் தனியா தாலி கட்டணும்" என்றார்.

அதற்கும் ஒரு தடை இருந்தது, அது நான்தான். எண் கணிதத்தில் எனக்குப் பைத்தியம். முதல் வாடிக்கையாளரின் கணினிகளுக்கு வைத்த முகவரி எண்கள் ராசியாக அமைந்ததால், எல்லா நெட்வொர்க்குக்கும் அதே எண்களையே வைக்கச் சொல்லியிருந்தேன். முகவரிகள் ஒன்றாக இருந்தால் நேரடியாக இணைக்கவே முடியாது. மையத்தோடு, முகவரியை மாற்றித் தரும் இன்னோர் ஏற்பாட்டுக்கும் சேர்த்துத் தண்டம் அழுதுகொண்டிருந்தது அதனால்தான். "மூணு வீட்டுக்கும் ஒரே கதவு நம்பர் போட்டா போஸ்ட்மேன் என்ன செய்வாரு? ராசிய ஜாதகத்துல வைங்க சார், நெட்வொர்க்குல வைக்காதிய" என்றார். நான் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். சீசன் இல்லாத நாட்களில் லாட்ஜுக்குப் புது எண்கள், மண்டிக்கு விடுமுறையில். புளியறையில் லாரி ஓட்டம் ராப்பகலாக நிற்பதே இல்லை என்பதால் அதைக் கடைசியாக, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். பிறகு மூன்று நேர் இணைப்புகளைப் போட்டு, என் மண்டபத்தைக் கலைத்தார். பில் இறங்கியது. அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னது நான். அந்த மகிழ்ச்சியில் அவர் வாங்கித் தந்ததுதான், போன் வந்தபோது என் கையில் இருந்த பஜ்ஜி.

ரோஸ்லின் மேடத்தின் வீட்டில் மாலை போட்டுவிட்டு, மாடசாமி அண்ணாச்சி என் தோளைத் தட்டி சாமுவேலிடம் சொன்னார்: "உங்க வீட்டம்மா நல்ல மூளக்காரர்ட்டதான் வேல பாத்திருக்காவ. எம்பொழப்பக் காப்பாத்துனதே இந்தத் தம்பியோட யோசனதான்." நான் தலையைக் குனிந்துகொண்டேன். பார்த்தவர்கள் அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். சீ! ஒரு வார்த்தை, "நான் இல்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாமுவேல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லடக்கம் முடிந்து அண்ணாச்சியின் கார் போன பிறகு, கல்லறைத் தோட்டத்து வாசலில் சாமுவேலின் கையைப் பிடித்தேன். "அந்த யோசன என்னுது இல்ல சாமுவேல். எல்லாம் மேடம் செஞ்சது."

"தெரியும் சார்" என்றார். "அவரு நிக்கும்போதே சொல்லுவியளான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

சாரல் வலுத்தது. அவர் குடையை விரித்து என் தலைக்கு மேலும் பிடித்தார். அதற்கு நான் நனைந்தே போயிருக்கலாம்.

மாடசாமி அண்ணாச்சி, நீங்கள் படிப்பீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். உங்கள் பிழைப்பையும் என் பிழைப்பையும் காப்பாற்றியவர் ரோஸ்லின் மேடம். மேடம், மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை. போய் வாருங்கள்.