வலது கூட்டுக்கு மட்டும் ஊதாப் பொடி

போன ஞாயிற்றுக்கிழமை, வத்தளையில், ஒரு வாத்துக் குஞ்சின் அலகைப் பார்த்து என் மகள் அழுதாள்.

அலகு ஊதா நிறத்தில் இருந்தது. அதற்குக் காரணம் நான்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

மகள் ஷெரின் பல்கலைக்கழகத்தில் கால்நடை விஞ்ஞானம் படிக்கிறாள். கடைசி வருடம். ஆய்வுக்கு மற்றப் பிள்ளைகள் கோழி எடுத்தார்கள், மாடு எடுத்தார்கள். இவள் வாத்து எடுத்தாள். தாரா என்கிற சின்ன ரகம் என்று நினைத்துவிடாதீர்கள் — இது கழுத்து நீண்ட, வளர்ந்தால் கேற்றடியில் ஆளைக் கண்டு சீறிக்கொண்டு வருகிற பெரிய வாத்து. கொட்டாஞ்சேனையில் எங்கள் மாடி வீட்டில் உடுப்புக் காயப்போடவே இடமில்லை. ஆகவே குஞ்சுகள் வத்தளையில் என் அண்ணா வீட்டு வளவில் குடியேறின.

வெக்கைக்கு வாத்துகளின் உடம்பு உள்ளுக்குள் பழுதாகிறதாம். வளர்ச்சி குறைகிறதாம், குடல் கெடுகிறதாம். தீனியில் அன்டிஒக்சிடன்ட் கலந்து கொடுத்தால் இதைத் தடுக்கலாமா? இதுதான் ஆய்வு. எனக்கு விளங்கவில்லை என்றதும் மகள் எங்கள் பல்கனிக் கம்பியைக் காட்டினாள். கடற்காற்றில் துருப்பிடித்து உதிர்கிற கம்பி. உடம்புக்குள்ளும் இப்படித்தான் நடக்கிறது, இந்தப் பொடி பெயின்ற் மாதிரி என்றாள். உடனே விளங்கிவிட்டது. வருடா வருடம் பெயின்ற் அடிப்பவள் நான்தானே?

திராட்சைத் தோலையும் விதையையும் அரைத்த பொடி. நல்ல ஊதா நிறம். வலது கூட்டுக்குத் தீனியோடு பொடி. இடது கூட்டுக்கு வெறும் தீனி — ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அதற்குப் பெயர் கொன்ரோல் குரூப். ஞாயிறு தோறும் குஞ்சுகளை நிறுப்பாள். குடல் எப்படி இருக்கிறது என்று பார்க்க எச்சத்தையும் சேகரிப்பாள். அது எங்கே போகும்? எங்கள் பிரிட்ஜுக்குத்தான். ஐஸ்கிறீம் டப்பாவில், சீனிச் சம்பலுக்குப் பக்கத்தில். சம்பலை நான் மேல்தட்டுக்கு மாற்றினேன். பிள்ளையின் படிப்பல்லவா...

பிறகு அவளுக்குப் பரீட்சை வந்தது. அண்ணாவும் மச்சாளும் விடிய வேலைக்குப் போகிறவர்கள். தீனி வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வலதுக்குப் பொடி, இடதுக்கு இல்லை. இதில் பிழைவிட என்ன இருக்கிறது? தினமும் காலையில் வத்தளைக்குப் போக நீர்கொழும்பு பஸ் ஏறினேன்.

முதல் நாள் சரியாகத்தான் செய்தேன். ஆனால் இடது கூட்டில் ஒரு குஞ்சு... ஆகச் சின்னது. கம்பிக்குள்ளால் கழுத்தை நீட்டி, பக்கத்துக் கூட்டுக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

நான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். ஒருத்திக்குப் பேக்கரியில் மீன் பணிஸ் வாங்கினால் மற்றவனுக்கும் வாங்காமல் படி ஏறியதில்லை. ஒன்றாகப் பொரித்த குஞ்சுகளில் பாதிக்குச் சத்து, பாதிக்கு வெறும் தீனி — எந்தத் தாய் வைப்பாள்?

ஒரு தேக்கரண்டிதான் போட்டேன். அதற்கு மட்டும். அடுத்த நாள், அதன் கூட்டாளிகளுக்கும்.

பரீட்சை முடிந்து மகள் வந்து நிறுத்துப் பார்த்தாள். திரும்ப நிறுத்தாள். இடது கூடு வலது கூட்டை எட்டிப் பிடித்திருந்தது. அப்படியானால் பொடி ஒன்றுமே செய்யவில்லையா என்று தாய்மாமனைக் கேட்டாள். நான் செம்பரத்தைச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அவள் அந்தச் சின்னக் குஞ்சைத் தூக்கி, அலகை வெளிச்சத்தில் திருப்பினாள்.

"அம்மா."

"ஒரு கரண்டிதான் மகள். அதுகளும் பிள்ளையள்தானே?"

"பிள்ளையள் இல்லை அம்மா. அதுகள் கொன்ரோல்."

கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து அழுதாள். வாரக்கணக்கான உழைப்பு. பட்டமே தள்ளிப்போகலாம்.

"நான் வந்து உன்ர கம்பஸ் சேரோட கதைக்கட்டே?"

"தயவுசெய்து வேண்டாம்."

தங்கச்சி சின்ன வயதிலேயே பொம்மைகளுக்குச் சண்டை வராமல் பங்கு பிரித்தவள் என்று அண்ணா மச்சாளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நேரம் பார்த்துத்தான் சொல்வான்.

மகளே சேருக்கு போன் எடுத்தாள். தீனி வைத்தது யார் என்று அவர் கேட்டிருக்கிறார். அம்மா என்றிருக்கிறாள். புதுக் குஞ்சுகள் பொரிக்க இருக்கின்றன, திரும்பத் தொடங்கு என்றாராம். மற்றப் பிள்ளைகள் ஆய்வை எழுதி முடித்து ஊர் சுற்ற ரிப் போகும்போது இவள் வத்தளையில் குஞ்சு நிறுத்துக்கொண்டிருப்பாள். பட்டம் தப்பியது. விடுமுறை போனது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். மகனுக்கு இந்த வருடம் ஓ.எல். பரீட்சை. கணக்குக்கு ஒரு ரியூஷன், அந்த ரியூஷன் போதாதென்று இன்னொன்று, காலையில் மீனெண்ணெய்க் குளிசை, இரவில் மோல்ற் பால், செவ்வாய்க்கிழமை கோயிலில் மெழுகுதிரி. பாஸ் பண்ணினால் எது வேலை செய்தது? யாருக்குத் தெரியும்... பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இதே சாமான்தானே போகிறது? தன் பிள்ளையை வெறும் தீனிக் கூட்டில் விட கொட்டாஞ்சேனையில் ஒரு தாய் சம்மதிப்பாளா? வெள்ளவத்தையில்?

நான் சம்மதிக்க மாட்டேன். மகனின் இரண்டாவது ரியூஷனுக்கு இந்த மாதமும் காசு கட்டிவிட்டேன்.

புதுக் குஞ்சுகள் வந்ததும் நான் வத்தளைக்குக் கால் வைக்காமல் களனி ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். மகளின் உத்தரவு. மச்சாள் வேலைக்குப் பிந்திப் போக ஒழுங்கு செய்திருக்கிறாள். ஒன்றை மட்டும் கேட்டு வைத்தேன். ஆய்வு முடிந்த மறுநாள், இடது கூட்டுக்கும் ஒரு கரண்டி கொடுக்கலாமா?

மகள் ஐந்து நாளைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். "குடுங்கோ அம்மா."

இதை அண்ணாவுக்குப் போனில் சொன்னேன்.

"அதுக்குப் பிறகு கிறிஸ்மஸ்தானே" என்றான் அவன். "அப்ப ரெண்டு கூட்டுக்கும் ஒரே கவனிப்புத்தான், ஒரே சட்டிதான். நீ கவலைப்படாத."

இந்தக் கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டில் மீன்.