அப்பா பெயரில் இருந்த கார்

எங்கள் அப்பா பெயரில் ஒரு கார் இருந்தது. இங்கே மராட்டி ஊரில், சாங்வியில் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டிப் பெண்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். டிரைவர் பெயரில் ஏது கார் என்பார்கள். இருந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். அதற்காக இல்லாததை எழுத மாட்டேன்.

இன்றைக்குப் போலக் கடைக்குப் போய் நிறம் பார்த்து வாங்கிவருகிற பொருள் இல்லை அன்றைக்குக் கார். நாட்டுக்கே இரண்டு மூன்று வகைதான். அதில் சின்னது பம்பாயில் செய்தது. பெரிய கார் மந்திரிக்கு, சின்னது பெண்டாட்டி பேச்சைக் கேட்கிறவனுக்கு என்று அப்பா சொல்வார். அவர் வண்டி ஓட்டிய சேட்டிடம் பழைய மாதிரி ஒன்று இருந்தது. மூக்கு உருண்டையாக இருக்கும். மராட்டிக்காரர்கள் அதற்கு ‘டுக்கர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள், பன்றி என்று. முன்கதவு பீரோக் கதவு மாதிரி பின்பக்கமாகத் திறக்கும். ஓடும்போது திறந்துகொண்டால் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று, வண்டி எடுக்கும் முன் அப்பா கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். அப்புறம் வந்ததில் கதவைத் திருப்பி வைத்தார்கள். முகத்தையும் மாற்றினார்கள், பின்னால் பெயரையும் மாற்றினார்கள், கடைசியில் பம்பாய் முழுக்கக் கறுப்பும் மஞ்சளுமாக டாக்ஸி ஓடி ஓய்ந்தது. இப்போது அவுந்து ரோட்டில் எப்போதாவது ஒன்று தென்பட்டால் பிள்ளைகள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் காரை வாங்கப் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒன்றுதான். அதனால் பணம் உள்ளவர்கள் வீட்டு வேலையாட்கள் பெயரிலும் பதிந்து வைப்பார்கள். நான் அம்மா வயிற்றில் இருந்தபோது சேட் அப்பாவைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினாராம். நான் பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் போய், மூன்றாம் வகுப்புக்கும் வந்த பிறகுதான் அந்தக் காகிதத்துக்குக் கார் வந்தது.

கேம்ப் வட்டாரத்தில் சேட் பங்களாவின் பின்னால் அவுட்ஹவுஸில் நாங்கள் இருந்தோம். கார் வந்த அன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். கட்கியில் தொழிற்சாலை வேலையிலிருந்த சித்தப்பா வந்து கார்க் காகிதத்தைப் படித்துக் காட்டினார். அப்பா பெயர், தாத்தா பெயர், எங்கள் விலாசம். எனக்கு அது போதும். நம் காரை சேட் கேட்டு வாங்கி ஓட்டுகிறார், அப்பா பெரிய மனசோடு தினமும் துடைத்தும் கொடுக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். அதன் உள்ளே உட்கார மட்டும் என்னை யாரும் விடவில்லை. புது சாமானுக்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

சித்தப்பாவுக்கு முகம் சரியில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்: “இத்த சேட்டு மவனுக்குத்தான் வாங்கினாருன்னு தெரிஞ்சா கேஸ் ஆயிடும்ண்ணா. சேட்டு கைய விரிச்சிடுவாரு. கையெழுத்து உன்னுது. ஜெயிலுக்குப் போறது நீதான்.”

“சோறு போடறவரு கேட்டா இல்லன்னு எப்பிட்றா சொல்றது?” என்று அப்பா குழம்பைப் பிசைந்தார். சித்தப்பாவிடம் சைக்கிள்தான் இருக்கிறது, அந்த எரிச்சல் என்று நான் நினைத்தேன்.

சில மாதம் கழித்து ஒருநாள் காலை, தோளில் பையும் கையில் சர்க்கார் காகிதமுமாக ஒரு ஆள் வந்தார். சேட் பம்பாயில். அப்பா பழைய வண்டியில் சேட்டம்மாவை லக்ஷ்மி ரோட்டுக்கு அழைத்துப் போயிருந்தார். நான் மட்டும் ஷெட் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன்.

“கோணாச்சி காடி?” என்று கேட்டார். யாருடைய வண்டி என்று ஒருவர் என்னைக் கேட்க மாட்டாரா என்று எத்தனை நாளாகக் காத்திருந்தேன்.

“ஆம்ச்சி,” என்றேன். எங்களுடையதுதான்.

அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் கேட்காமலே சொன்னேன். அவர் என் பாவாடையைப் பார்த்தார், அவுட்ஹவுஸைப் பார்த்தார். இதில் எங்கெல்லாம் போயிருக்கிறாய் என்றார். எங்கும் இல்லை என்று சொல்ல மானம் விடவில்லை. பர்வதி மலைக்கோயில் போனோம், ஆளந்தி போனோம், கட்கியில் சித்தப்பா வீட்டுக்குப் போனோம் என்று அடுக்கினேன். காத்ரஜ் மலைப்பாதையில் அம்மாவுக்கு வாந்தி வந்தது என்றும் சேர்த்தேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஈரக்கையோடு வந்து நின்ற அம்மாவைப் பார்த்து, நிஜமா என்றார். அம்மாவுக்கு அப்போது தம்பி வயிற்றில். முந்தானையைப் பிடித்துக்கொண்டு, வாந்தி வந்தது நிஜம்தான் என்று இந்தியில் சொன்னாள். அந்த ஆள் போய்விட்டார். பிறகு வரவே இல்லை.

மறுநாள் திரும்பிவந்த சேட்டுக்கு விஷயம் தெரிந்தபோது வயிறு குலுங்கச் சிரித்தார். பேடா டப்பாவை என் கையில் வைத்து, பெண்ணுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய் என்று அப்பாவின் முதுகில் தட்டினார்.

“நான் சொல்லிக் குடுக்கல சேட்,” என்றார் அப்பா இந்தியில். சேட் அதற்கும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னை எதிரில் நிற்க வைத்தார். அடி விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன்.

“எங்கெங்க போனோம்னு சொன்ன?”

சொன்னேன். இன்னொரு தரம் சொல் என்றார். சொன்னேன். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார். பேடாவை அவர் தொடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சேட் முன்னால் போய் நின்று, ஒருநாளைக்கு அந்த வண்டி வேண்டும் என்றார். அத்தனை வருஷத்தில் அவர் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான் என்று அம்மா பின்னால் சொல்லியிருக்கிறாள். அந்த நேரத்தில் சேட்டால் மறுக்க முடியவில்லை.

அப்பா டிரைவர் தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். முதலில் பர்வதி. மலைமேல் ஏற வேண்டும் என்றேன். அடிவாரத்தில் இறங்கி ஒரு கும்பிடு போட்டால் போதும் என்றார். அங்கிருந்து காத்ரஜ். வளைவு வளைவாக ஏறி ஓரிடத்தில் நிறுத்தி, அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் வரல,” என்றாள் அம்மா.

இன்னும் நாலு வளைவு ஓட்டினார். அம்மா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை, வண்டியைத் திருப்பினார். கட்கியில் சித்தப்பா வாசலுக்கு ஓடிவந்து, என்னண்ணா காரைத் தூக்கிக்கினு வந்துட்ட என்றார்.

“பாப்பா சொல்லிட்டா. போவணும் இல்ல?” என்றார் அப்பா. சித்தப்பா என்னைப் பார்த்தார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆளந்தியில் ஆற்றில் கால் நனைத்து, சந்நிதியில் அப்பா வெகுநேரம் நின்றார். திரும்பும்போது என்னை முன்சீட்டில் உட்கார வைத்தார். இப்படி ஒரு நாள் யாருக்கும் வாய்க்காது என்று இருந்தது. இந்த அப்பா மட்டும் ஏன் வேலைக்குப் போகிறவர் மாதிரியே ஓட்டுகிறார் என்று புரியவில்லை.

ஷெட்டில் வண்டியை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம், அடுத்த ஞாயிறு எங்கே என்று கேட்டேன்.

அவர் துணியைப் பிழிந்தார். “இனிமே யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லும்மா,” என்றார்.

ஊர்க் கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பிறகு யாரிடமும் காரைப் பற்றி மூச்சு விடவில்லை. அவ்வளவு பெரிய சொத்தை வைத்துக்கொண்டு ஏழைபோல் உட்கார்ந்திருப்பது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.