வக்கீலின் உறையூர் வீடு

அந்த நாவலின் அட்டையில் ஆசிரியர் பெயர் கிடையாது. 'ஒரு வக்கீல்' என்று மட்டும் போட்டிருக்கும். அதை எழுதியது தன் கொள்ளுத்தாத்தா என்று அம்மா சொன்னால் சொந்தக்காரர்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வக்கீல் தாலி கட்டிக் குடும்பம் நடத்தியது ஸ்ரீரங்கத்தில். அம்மாவின் கொள்ளுப்பாட்டியை வைத்துக்கொண்டிருந்தது உறையூரில். வேறெப்படிச் சொல்ல?

அம்மாவுக்கு வயதாகிக் கண்ணும் போய்விட்டது. "சாகறதுக்குள்ள அவர் பரம்பரைன்னு எங்கப்பா பேரை யாராவது அச்சுல போடட்டும்டி" என்பாள். அதற்காகத்தான் அலைந்தேன். பழைய கோர்ட்டுத் தீர்ப்புகளைப் புரட்டியதில் ஜீயபுரத்து வாழைத்தோட்ட வழக்கு ஒன்று அகப்பட்டது. நாவலில் வருகிற அதே வழக்கு, சாட்சிக்காரனின் திக்குவாய் உட்பட. வாதாடியவர் எங்கள் வக்கீல்தான்.

ஸ்ரீரங்கத்து வாரிசைத் தேடிப் போய்ச் சொன்னேன். ரிட்டயரான அதிகாரி. அப்படியொரு நாவல் இருப்பதே அவருக்குத் தெரியாது. "அடடா, எங்காத்துப் பெரியவரா! பெருமாள் அனுக்கிரகம்" என்று கண்கலங்கினார். காபி கொடுத்தார். என் ஜெராக்ஸ் காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். உறையூர் வீட்டைச் சொன்னதும் முகம் சுருங்கியது.

"தலைப்பேரனுக்குத் தாத்தா பேரு வைக்கிறது வழக்கம்தானேங்க. உங்க தாத்தாவுக்கும் வக்கீல் பேரு, எங்கம்மாவோட அப்பாவுக்கும் அதே பேரு" என்றேன்.

"பேர்தானே! யார் வேணும்னாலும் வெச்சுக்கலாமே. அதெல்லாம் கிளறாதேங்கோ."

நான் கிளறாவிட்டால் அவருக்கு ஏது பெரியவர்?

நாவல் மறுபதிப்பாக வந்தது. முன்னுரை அவருடையது. என் உழைப்பு முழுக்க அதில் இருந்தது, நான் இல்லை. கடைசியில் வம்சாவளி, அதில் உறையூர் வாடையே கிடையாது. வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தவளே நான்தான், யாரை நோக?

அம்மா புத்தகத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள். "எங்கப்பா பேரு இருக்கா?"

அந்தப் பெயர் இருந்தது. ஆனால் அது வக்கீலின் ஸ்ரீரங்கத்துப் பேரனுடையது.

"இருக்கும்மா."

"அதுக்குக் கீழ எம்பேரு?"

வம்சாவளியில் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. "பொம்பளைங்க பேரு போடலம்மா."

"என்னிக்குப் போட்டானுங்க!" என்று சிரித்தாள். அப்பா பெயர்மேல் தன் விரலை எடுத்து வைக்கச் சொன்னாள். வைத்தேன். முன்னுரை எழுதிய அந்தப் பாவி மனுஷனின் தாத்தா பெயரைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.