கீர்த்தனன் நீக்கிய தொலைபேசி அழைப்பு

ஜெர்மனியின் எசன் நகரத்துத் தமிழர்களிடம் கீர்த்தனன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டால் "பெரிய வேலை" என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பதினொரு வருடமாக அந்த வேலையைச் செய்யும் கீர்த்தனனுக்கே அதை இரண்டு வசனத்தில் சொல்ல வராது. டுசல்டோர்ஃபில் உள்ள ஒரு தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனம் அவனுக்குச் சம்பளம் கொடுத்து வேறு நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. அங்கே இருபது வருடமாக வேலை செய்பவர்களிடம் அவன் மூன்று நாள் கேள்வி கேட்பான். அவர்கள் சொன்னதையே வண்ணப் பெட்டிகளுக்குள் எழுதி, நடுவே அம்புக்குறி போட்டு, நான்காம் நாள் அவர்களுடைய முதலாளிக்குக் காட்டுவான்.

ஒருமுறை கல்யாண வீடொன்றில் ஒரு பெரியவர், இவன் ஆலோசகர் என்று கேள்விப்பட்டு, வீட்டு வாடகை உதவிக்கான விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினார். இரண்டாம் பக்கத்திலேயே கீர்த்தனன் திருதிருவென்று விழித்தான். "பரவாயில்லைத் தம்பி, நான் மகளைக் கேக்கிறன்" என்று அவர்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னார்.

வேலையில் நன்மை இல்லாமல் இல்லை. ரயிலில் முதல் வகுப்பு, நல்ல ஹோட்டல், காலையில் ஐந்து வகைச் சீஸ். எந்தத் தொழிலானாலும் ஒரு வாரத்தில் பிறவி வல்லுநன்போலப் பேசப் பழகிவிடலாம். டயர், காப்புறுதி, பன்றி இறைச்சி என்று அவன் வல்லுநனாக இருந்த துறைகள் பல. பன்றி இறைச்சியை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. தீமை என்று பார்த்தால், திங்கள் முதல் வியாழன் வரை வீட்டில் இருக்க முடியாது. அவன் மனைவி கொறற்றி இதை நன்மைப் பக்கத்தில் சேர்ப்பாள். இன்னொன்றும் உண்டு. தான் சொன்னது சரிவந்ததா என்று பார்க்க அவன் எந்த இடத்திலும் இருந்ததில்லை. பெட்டிகளைக் காட்டிய கையோடு ரயில் ஏறிவிடுவான். இதையும் வெகுகாலம் நன்மை என்றே எண்ணியிருந்தான்.

அந்த நிறுவனத்தில் ஒன்று மேலே போக வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போக வேண்டும். மூத்த மேலாளர் பதவிக்குக் கீர்த்தனனின் பெயர் இரண்டு முறை போய்த் திரும்பியிருந்தது. மூன்றாம் முறையும் திரும்பினால் பூங்கொத்துக் கொடுத்து, கை குலுக்கி, வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். முப்பத்தொன்பது வயதில் அந்தப் பூங்கொத்தோடு எசனில் ரயிலை விட்டு இறங்க அவன் தயாராக இல்லை.

அப்போதுதான் அவனுடைய மேலதிகாரி ஹென்ட்ரிக் வுப்பர்டால் வேலையைக் கொடுத்தான். நாற்பது மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் சமைத்து அனுப்பும் பெரிய சமையற்கூடம் அது. தினமும் நூற்றுக்கணக்கான சாப்பாடுகள் தொடாமலே திரும்பி வந்தன. உப்பு ஆகாதவருக்கு உப்பும், சத்திர சிகிச்சைக்குப் பட்டினி கிடப்பவருக்கு இறைச்சியும் போய்ச் சேர்ந்தன. மூன்று வாரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் பதவி உன் கையில் என்றான் ஹென்ட்ரிக்.

இரண்டாம் நாள் கீர்த்தனன் பழைய கோப்புகளைக் கிளறினான். ஆறு வருடத்துக்கு முன்பு யாரோ செய்த அறிக்கை ஒன்று அகப்பட்டது. சாப்பாடு அனுப்பும் பகுதியைத் தலைகீழாக மாற்றியது அதுதான். பார்க்கப் பார்க்க அவனுக்குச் சிரிப்பு வந்தது. இந்தச் சமையற்கூடத்தைக் கண்ணாலும் காணாத ஓர் அரைவேக்காடு எழுதியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். தயாரித்தவர் பெயர் என்ற இடத்தில் "கீர்த்தனன்" என்று இருந்தது.

அப்போது இந்தச் சமையற்கூடம் வேறு பெயரில், வேறு தெருவில் இருந்தது. நான்கு நாள் அங்கே நின்றது மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தது. அனுப்பும் பகுதிக்குப் பொறுப்பாக ரஞ்சினி என்ற யாழ்ப்பாணத்துப் பெண்மணி இருந்தார். காலை ஆறு மணிக்குத் தொலைபேசியை எடுத்தால் ஒன்றரை மணி நேரம் கீழே வைக்கமாட்டார். ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே இருப்பார்.

"என்னக்கா எழுதுறியள்?" என்று அன்று இவன் கேட்டான்.

"அது சும்மா, ஆஸ்பத்திரி நேர்சுமாரோடை கதைக்கிறது தம்பி."

"வேலையிலை ஏதும் பிரச்சினை இருக்கோ?"

"ஒண்டுமில்லை, எல்லாம் நல்லம். நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

பிட்டும் கத்தரிக்காய்ப் பாற்கறியும் வந்தன. மூக்குமுட்டச் சாப்பிட்ட பிறகு மஞ்சள் ஒட்டுத்தாளில் "தொலைபேசி, ஒன்றரை மணி நேரம், வீண். நீக்கவும்" என்று எழுதிச் சுவரில் ஒட்டினான். நான்காம் நாள் எல்லோர் முன்னாலும் அதை விளக்கிவிட்டு ரயில் ஏறிவிட்டான்.

இப்போது கீழே இறங்கிப்போய்த் தேடினான். ரஞ்சினி அக்கா அதே பகுதியில்தான் இருந்தார். இவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"ஒட்டுத்தாள் தம்பியெல்லே! வாங்கோ, வாங்கோ. நல்லா உடம்பு வைச்சிட்டியள்."

கீர்த்தனன் அந்தத் தொலைபேசியைப் பற்றிக் கேட்டான். அக்கா கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "ஆருக்கு ஒப்பரேசன், ஆருக்குச் சீனி ஏறிப்போச்சு, ஆர் சுகமாகி வீட்டை போட்டினம் எண்டு அப்ப காலமை கேட்டு எழுதுறனான். இப்ப கொம்பியூட்டர்தான் பாக்குது, அதுக்கு முதல்நாள் பின்னேரம் வரைக்கும் நடந்ததுதான் தெரியும். இரவு செத்தவருக்கும் அது மத்தியானம் சூப் அனுப்பும்."

"அண்டைக்கு ஏனக்கா இதைச் சொல்லேல்லை?"

"எப்பிடித் தம்பி சொல்லுறது? சுத்திவர வெள்ளைக்காரர். எங்கடை பிள்ளை ஒண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு முன்னுக்கு நிண்டு விளங்கப்படுத்துது. எனக்கெண்டால் சரியான பெருமை. அதுக்குள்ளை நான் எழும்பி நிண்டு பிழையெண்டு சொன்னால் உங்கடை மரியாதை என்ன ஆகிறது?"

கீர்த்தனனும் அன்று அக்காவை மேலும் குடைவது மரியாதையில்லை என்றுதான் விட்டான். இரண்டு பேருடைய மரியாதையும் சேர்ந்து ஆறு வருடமாக நோயாளிகளுக்குப் பிழையான சாப்பாட்டை அனுப்பிக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் ஹென்ட்ரிக் முடிவுரையைத் தானே எழுதி அனுப்பியிருந்தான். அனுப்பும் பகுதிப் பணியாளர்கள் விவரங்களைச் சரியாகப் பதிவதில்லை. எட்டுப் பேரை நாலாக்கி, மிச்சத்தை இயந்திரத்திடம் விடலாம் என்றிருந்தது. பழைய அறிக்கையைப் பற்றிக் கீர்த்தனன் தொலைபேசியில் சொன்னபோது, "அதையெல்லாம் யார் வாசிக்கப் போகிறார்கள்?" என்று ஹென்ட்ரிக் சிரித்தான். உண்மைதான், எழுதியவனே வாசித்திருக்கவில்லை.

வுப்பர்டால் எசனுக்குப் பக்கம் என்பதால் கீர்த்தனன் அன்று வீட்டுக்கே போய், மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டான். உண்மையைச் சொல்வதன் நன்மைகள், தீமைகள், ஒவ்வொன்றுக்கும் புள்ளி. முதல் தடவை கூட்டியபோது "சொல்" என்று வந்தது. பூங்கொத்தை நினைத்து இரண்டு புள்ளிகளை மாற்றினான். "சொல்லாதே" என்று வந்தது. ரஞ்சினி அக்காவின் பிட்டை நினைத்துத் திரும்பவும் மாற்றினான். கொறற்றி தேத்தண்ணியோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, பிழை விட்டிட்டன் எண்டு சொல்லுறதுக்கு எத்தினை பெட்டி வேணும்?"

"பதவி போனால் என்ன செய்யிறது? நீர் சொல்லும்."

"வேறை வேலை பாப்பம். அந்த மனுசி சோறு போட்டதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? அவவின்ரை தலையிலையோ பழியைப் போடப்போறியள்?"

வியாழக்கிழமை சமையற்கூடத்தின் இயக்குநர் அம்மையார் முன்னால் கீர்த்தனன் நின்றான். ஹென்ட்ரிக் பக்கத்தில் இருந்தான். திரையில் ஒரே ஒரு வசனம்: "காலைத் தொலைபேசியை நீக்கச் சொன்னது எங்கள் நிறுவனம். எழுதியது நான்." பணியாளர்களில் பிழையில்லை, அந்த அழைப்புகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள், ரஞ்சினி அக்காவிடம் கேட்டுச் செய்யுங்கள் என்று சொல்லி முடித்தான். ஹென்ட்ரிக்கின் முகம் திரையைப்போல வெளுத்திருந்தது.

தன் பிழையை ஒப்புக்கொண்ட ஆலோசகரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று இயக்குநர் எழுந்து கை கொடுத்தார். எட்டுப் பேரில் ஒருவரையும் குறைக்கவில்லை. ஒப்பந்தத்தை ஆறு மாதம் நீட்டினார். அடுத்த வாரமே ஹென்ட்ரிக் அந்தத் தொலைபேசி அழைப்புக்கு ஒரு நவீனமான பெயர் வைத்து வேறு இரண்டு நிறுவனங்களுக்கு விலை பேசத் தொடங்கினான். மாத முடிவில் கீர்த்தனன் மூத்த மேலாளர் ஆனான். தும்பை அறுத்துவிட்டவனுக்கே வாலைப் பிடிக்கவும் கூலி கொடுத்தார்கள். இதை நன்மைப் பக்கத்தில் எழுதுவதா, தீமைப் பக்கத்தில் எழுதுவதா என்று அவனுக்கு இன்றுவரை தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பதவி கிடைத்த வியாழக்கிழமை காலை அழைப்புகளுக்கான புதிய திட்டத்தை வண்ணப் பெட்டிகளாக வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு ரஞ்சினி அக்காவிடம் போனான். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இந்த முறை ஏதும் பிரச்சினை இருக்கோ அக்கா?"

"ஒண்டுமில்லைத் தம்பி, எல்லாம் நல்லம். நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

கீர்த்தனன் பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தான். அக்கா சாப்பாட்டுப் பெட்டிகளைத் துடைத்தார், அடுக்கினார், திரும்பிப் பார்த்தார். நாலு மணி ரயில் போயிற்று. நாலரை ரயிலும் போயிற்று.

"தம்பி போகேல்லையோ?"

"இல்லையக்கா. நீங்கள் சொல்லுமட்டும் இருக்கிறன்."

அக்கா அவனை ஒருமுறை உற்றுப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எதிரே ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"கோவிக்கக் கூடாது," என்றார். "உந்த முதல் பெட்டியே பிழை."