மெனுவில் இல்லாத பக்கம்

கொன்ஸ்ரன்ரைனை ஒரு கிழமைப் பயிற்சிக்கென்றுதான் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு அனுப்பினார்கள். 2006 ஓகஸ்டில் வந்தான். வந்த கையோடு சண்டை மூண்டு, வன்னிக்குத் திரும்பும் பாதையைப் பூட்டினார்கள். மாற்றுடுப்போடு மட்டும் வந்தவன் நெளுக்குளத்தில் ஓர் அறை எடுத்து, ஒரு பானையும் ஒரு கோப்பையும் வாங்கித் தனிக்கட்டையாகக் குடியிருக்கத் தொடங்கினான். கொக்கிளாய்க் கரையில் பிறந்தவனுக்குக் கடல் இரைச்சல் இல்லாத ஊரில் நித்திரை வரவில்லை. சுசிலா இல்லாத அறையில் சோறு இறங்கவில்லை.

சுசிலா அவன் மனைவி. அவன் வேலைசெய்த அதே தொண்டு நிறுவனத்தின் கிளிநொச்சி அலுவலகத்தில் அவளுக்குச் சமையல் வேலை. நிறுவன வாகனத்தில் அவன் அங்கே போகலாம், ஆனால் பிறகு வெளியே வர விடமாட்டார்கள். அவள் இங்கே வர, வன்னியை விட்டு வெளியேறும் பாஸ் அவளுக்கு இல்லை. அலுவலகத் தொலைபேசியில் கிடைத்த இரண்டு நிமிடத்தில் அவளே முடிவைச் சொன்னாள்.

"நீங்கள் வரவேண்டாமப்பா. ரெண்டு பேரும் அடைபட்டு என்ன செய்யிறது? அங்கையே நில்லுங்கோ."

அவன் நின்றான். மனைவி சொல்லைக் கேட்டதற்காகத் தன்னைத்தானே திட்டாத நாள் அதற்குப் பிறகு அவனுக்கு வாய்க்கவில்லை.

நிறுவனத்துக்கு ஓர் இணையத்தளம் இருந்தது. கட்டிய கிணறுகளையும் மலசலகூடங்களையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் உலகத்துக்குக் காட்டும் தளம். உலகம் பார்த்ததோ இல்லையோ, பக்கங்களை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் முகவரி வைப்பது கொன்ஸ்ரன்ரைனின் வேலையாயிற்று.

சுசிலாவுக்கு மின்னஞ்சல் அனுப்ப வழியில்லை. கிளிநொச்சி அலுவலகத்துக்கு இருந்தது ஒரே ஒரு பெட்டி. அதைத் திறப்பவர் பொறுப்பாளர் முத்துலிங்கம். புருசன் பெண்சாதி கதையை அவர் வாசித்துவிட்டு, தொண்டையைச் செருமி அவளிடம் ஒப்புவிப்பதை நினைத்தாலே கூசியது. ஆனால் சுசிலாவுக்குக் கணினியில் ஒரு வித்தை தெரியும். முகவரியை எழுத்தெழுத்தாகத் தேடி மேலே அடித்தால் பக்கம் வரும். அதை அவன்தான் முன்பு பழக்கியிருந்தான். அதற்கு மேல் ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

ஆகவே தளத்துக்குள் ஒரு பக்கம் செய்தான். எந்த மெனுவிலும் அது இல்லை, எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு வழி இல்லை. முகவரி தெரிந்தவர் மட்டும் வரலாம். தளத்தின் பெயர், ஒரு சாய்கோடு, பிறகு ஆங்கில எழுத்தில் இறால். அடுத்த முறை தொலைபேசி கிடைத்தபோது சொல்லிவைத்தான்.

"சாய்ஞ்ச கோடு, பிறகு இறால். மறந்துபோடாதையும் சுசி."

முத்துலிங்கம் பக்கத்தில் நின்றிருந்தால் கறிக் கதை என்றுதான் நினைத்திருப்பார்.

அந்தப் பக்கத்தில் அவன் பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. எழுதக்கூடிய காலமும் அதுவல்ல. குசினிக்குள் மழை ஒழுகுது. பருப்புக்கு உப்புக் கூடிப்போச்சு. சுசி, உம்மட குரலைக் கேட்டுக் கனநாள். இவ்வளவுதான். மறுநாள் காலை எண்ணிக்கையைப் பார்ப்பான். ஒருவர் வந்து பார்த்தார் என்று இருக்கும். அந்த ஒன்றுதான் அவளுடைய பதில். அதைக் கண்ட பிறகுதான் தேத்தண்ணி குடிப்பான். ஒன்றரை வருசம் அவன் குடும்பம் நடத்தியது இப்படித்தான்.

2008 தொடக்கத்தில் கொழும்பிலிருந்து கட்டளை வந்தது. முகவரிகள் கண்டபடி கிடக்கின்றனவாம். இனி ஒவ்வொரு முகவரியிலும் முதலில் மொழிக்குறி வரவேண்டும். ஒவ்வொரு பக்கமும் மூன்று மொழியிலும் இருக்கவேண்டும். இல்லாதது தானாக ஆங்கில முகப்புக்குப் போய்விடும். ஒழுங்கு பிடித்த மனிசர். கொன்ஸ்ரன்ரைன் சொன்னபடியே செய்து முடித்தான். தன்னுடைய பக்கத்துக்கும் அதே சட்டம்தான் என்பது அவன் மண்டையில் ஏறவில்லை.

எண்ணிக்கை பூச்சியமானது. அடுத்த நாளும் பூச்சியம். அவளுக்குக் காய்ச்சலோ, குண்டு விழுந்ததோ என்று தவித்து, கடைசியில் அந்தப் பழைய முகவரியைத் தானே அடித்துப் பார்த்தான். கிணற்றடியில் சிரித்துக்கொண்டு நிற்கும் வெள்ளைக்காரரின் படமும், ஆங்கிலத்தில் நல்வரவும் வந்தன. சுசிலாவும் இதைத்தான் பார்த்திருப்பாள். புருசன் எழுதுவதை விட்டுவிட்டான் என்று நினைத்திருப்பாள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

பக்கத்தை மீட்க ஒரே வழி, அதற்குச் சிங்களமும் ஆங்கிலமும் வேண்டும். ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறித் தானே எழுதினான். சிங்களத்துக்கு றம்ஸியாவிடம் போனான். முல்லைத்தீவில் பிறந்து, இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, சிங்களத்தைத் தண்ணீர்பட்ட பாடாக்கிக்கொண்டு வந்து வவுனியா அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவள்.

அவள் வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "இது கிணத்துக் கதை இல்லையே அண்ணன்."

"இல்லைத் தங்கச்சி."

"பருப்புக்கு உப்புக் கூடினதையும் சிங்களத்தில போடவா?"

"போடுங்கோ. மூண்டும் சரியா இருந்தாத்தான் நிக்கும்."

சிரித்தாள், பிறகு சிரிப்பை விட்டுவிட்டு எழுதிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவன் எழுதியதையெல்லாம் அவள் மாற்றிக் கொடுத்தாள். பழைய முகவரி மறுபடி தமிழ்ப் பக்கத்தைத் திறந்தது, எண்ணிக்கையில் ஒன்று விழுந்தது. புது முறையில் எந்தப் பக்கமும் மூன்று முகப்பிலும் 'புதியவை' என்று தானாகத் தெரியும். தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடி நீக்கினான். சிங்கள முகப்பில் எந்த வரி தன்னுடையது என்று தெரியவில்லை. கிணற்றுத் தளத்தைச் சிங்களத்தில் யார் வந்து வாசிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

செப்டெம்பரில் தொண்டு நிறுவனங்களை வன்னியை விட்டு வெளியேறச் சொன்னார்கள். கிளிநொச்சி அலுவலகம் பூட்டப்பட்டது. உள்ளூர்க்காரரை வெளியே விடவில்லை. சுசிலா எந்தப் பக்கம் ஓடினாள் என்று சொல்ல ஆளில்லை. ஆனாலும் எண்ணிக்கை நிற்கவில்லை. நாள் தவறாமல் ஒன்று. எங்கேயோ ஒரு கணினியைக் கண்டுபிடித்துவிட்டாள், கெட்டிக்காரி, என்று கொன்ஸ்ரன்ரைன் நம்பினான். தர்மபுரம், விசுவமடு என்று சனம் நகர நகர, இவன் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு உயிர் வாழ்ந்தான். இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிடக்கூடச் செய்தான்.

தை பிறந்து, கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்த பிறகு ஒருநாள் றம்ஸியா அவனைத் தன் மேசைக்குக் கூப்பிட்டாள். தளத்தின் கருத்துப் பெட்டிக்குச் சிங்களத்தில் ஒன்று வந்திருந்தது. அவள் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னாள்.

"குருநாகலில இருந்து ஒரு பொம்பிளை எழுதியிருக்கிறா. 'நான் செப்டெம்பரில இருந்து ஒவ்வொரு நாளும் வந்து வாசிக்கிறன். என்ட மனுசனும் அந்தப் பக்கம்தான், சண்டையில நிக்கிறார். உங்கட சுசி இதைப் பாத்தவாவா?' எண்டு கேக்கிறா."

அவன் தன் கணினிக்குப் போனான். மூன்று மொழிக்கும் சேர்த்துக் காட்டிய எண்ணிக்கையை முதன்முறையாகப் பிரித்துப் பார்த்தான். நாள் தவறாமல் விழுந்த ஒன்று முழுக்கச் சிங்களப் பக்கத்துக்கு வந்தது. தமிழ்ப் பக்கத்தைச் செப்டெம்பருக்குப் பிறகு ஒருவரும் திறக்கவில்லை.

அறையில் மின்விசிறி சுற்றியது. றம்ஸியா பின்னால் வந்து நின்றாள்.

"என்னண்டு எழுத அண்ணன்?"

"இன்னும் பாக்கேல்லை எண்டு எழுதுங்கோ. அவாவின்ர மனுசனிட்ட இருந்து ஏதும் தகவல் வந்ததோ எண்டும் கேளுங்கோ."

அவள் போய் எழுதினாள். அவன் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தான்.